வாழ்த்து அட்டையின் வரலாறு



கடிதம் எழுத நேரம் இல்லாத ஒருவரால் பிறந்தது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. முற்காலத்தில் மக்கள் தம் கையாலேயே அட்டை செய்து உற்றார் உறவினருக்கு அனுப்பி வந்தனர் என்றும், பின்னர் இயந்திரம் தோன்றி அக்கைத்தொழிலைக் கெடுத்தது என்றும் நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். நெசவுக்கும் எண்ணெய்ச் செக்குக்கும் அந்தக் கதை பொருந்தும். கிறிஸ்துமஸ் அட்டைக்குப் பொருந்தாது. அது அச்சகத்தில் பிறந்தது, கடையில் வளர்ந்தது, நெடுங்காலம் கழித்தே பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது. அது வந்த வழியையும், நம் தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த உறவுகளையும் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டுக்கு முன்பு கடிதம் அனுப்புவது ஏழைகளால் இயலாத காரியம். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே பணம் கொடுத்தாக வேண்டும். பணம் இல்லாதவர் கடிதத்தை வாங்காமலே திருப்பி அனுப்பினார். ரோலண்டு ஹில் என்பவர் இந்த முறையை மாற்றப் போராடினார். அதன் பயனாக 1840ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் முதல் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு கடிதத்துக்கு ஒரே பென்னி என்னும் விதி வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் உலகின் முதல் ஒட்டுத் தபால்தலையும் வெளியாயிற்று. இம்முயற்சியில் ஹில்லுக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர் ஹென்றி கோல். 1851ஆம் ஆண்டின் இலண்டன் மாபெரும் பொருட்காட்சியை நடத்தியவர்களுள் ஒருவரும், சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரும் அவரே.

தபால் மலிந்தது; கடிதங்கள் பெருகின. ஆண்டு முடிவில் வரும் கடிதத்துக்கு மறுமொழி எழுதாதிருப்பது அந்நாட்டில் மரியாதைக் குறைவு. கோலின் மேசைமேல் கடிதங்கள் குவிந்தன. தாம் பாடுபட்டு மலிவாக்கிய தபாலே தம்மைத் தொல்லைப்படுத்துவதைக் கண்ட அவர், 1843ஆம் ஆண்டில் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொன்னார். அது கல்லச்சில் ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் அடிக்கப்பெற்றது. நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இரு பக்கங்களிலும் பசித்தோர்க்கு உணவும் ஆடையற்றோர்க்கு ஆடையும் வழங்கும் காட்சிகள். பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் மட்டும் இடம் விடப்பட்டிருந்தது. மீந்த பிரதிகள் ஒன்று ஒரு ஷில்லிங் என விற்பனைக்கு வந்தன. ஷில்லிங் என்பது 12 பென்னி. பன்னிரண்டு கடிதங்களை அனுப்பும் செலவில் ஓர் அட்டை! படத்தில் சிறு குழந்தை ஒன்றும் மது அருந்துவதுபோல் வரைந்திருந்ததால், மதுவிலக்கு அன்பர்கள் வெகுண்டு எழுந்தனர் என்பதும் வரலாறு.

இங்கு ஒரு செய்தியைக் கவனியுங்கள். அச்சாகி வந்த அந்த அட்டைகளுக்கு வண்ணம் தீட்டியது மனிதக் கை. வண்ண அச்சுக்கலை அன்று அத்துணை வளரவில்லை. ஆகவே கூலிக்கு வண்ணம் தீட்டுவோர் ஒவ்வொன்றாகத் தூரிகை தொட்டுத் தீட்டினர். கையின் உழைப்பு இருந்தது. ஆனால் அது அனுப்புகிறவரின் கை அன்று.

அனுப்புகிறவரின் கையே பட்ட வேறொரு வழக்கம் அந்நாட்டுப் பள்ளிகளில் அதற்கு முன்பே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும், டிசம்பர் விடுமுறைக்கு முன் மாணவர்கள் ஓர் அகன்ற தாளை வாங்குவார்கள். அதன் ஓரங்களில் அழகிய படங்கள் அச்சாகியிருக்கும். நடு இடம் வெறுமையாக இருக்கும். அந்த இடத்தில் மாணவன் தன் கையெழுத்துத் திறமெல்லாம் தோன்ற எழுதி, பெற்றோருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். ஓராண்டில் பையன் என்ன கற்றான் என்பதைத் தந்தை அந்தத் தாளில் கண்டுகொள்வார். இன்றைய மதிப்பெண் அட்டையைவிட அது நம்பத்தக்கது என்பது என் கருத்து. கிறிஸ்துமஸ் அட்டையின் மூதாதைகளுள் ஒன்றாக இந்த மாணவர் தாளை ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். கோலின் அட்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்ட உலகம், இப்பிள்ளைகளின் தாளைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

கோலின் அட்டை உடனே நாடெங்கும் பரவிவிடவில்லை. விலை தடுத்தது. 1870ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அரைப்பென்னித் தபால் வந்த பிறகே அட்டைகள் இலட்சக்கணக்கில் செல்லத் தொடங்கின. கடல் கடந்து அமெரிக்காவில் இரண்டு பெயர்களைக் குறிப்பிட வேண்டும். எஸ்தர் ஹவ்லண்டு என்னும் பெண்மணி, மசாசூசெட்ஸ் மாநிலத்து வுர்ஸ்டர் நகரில், பிப்ரவரி 14ஆம் நாளுக்குரிய அன்பு மடல்களை 1840களின் பிற்பகுதியிலிருந்து செய்து விற்றார். சரிகைபோல் துளையிட்ட தாள், வண்ணத் தாள் துண்டுகள், சிறு படங்கள் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் வேலை அது. தோழியரை மேசையைச் சுற்றி அமர்த்தி, ஒருத்தி வெட்ட, ஒருத்தி அடுக்க, ஒருத்தி ஒட்ட என்று வேலையைப் பகுத்துக் கொடுத்தார். இன்று தாள் வேலைப்பாட்டு அட்டை என்று நாம் சொல்வதன் தோற்றம் பெரிதும் அந்த மேசையில் காணப்படுகிறது.

மற்றவர் லூயி பிராங். 1848ஆம் ஆண்டு ஐரோப்பியப் புரட்சியில் ஈடுபட்டு, நாடு நீங்கி, பாஸ்டன் நகருக்கு வந்தவர். ஒரு படத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட கற்களைக்கூடப் பயன்படுத்தி, வண்ணத்துக்கு ஒரு கல்லாக அச்சிட்டவர். 1870களின் நடுவில் அவருடைய கிறிஸ்துமஸ் அட்டைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெயர் பெற்றன. பின்னர் செருமனியிலிருந்து மலிவான அட்டைகள் வந்து குவிந்ததும், தரத்தைக் குறைக்க மனமின்றி அத்தொழிலையே கைவிட்டார். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓவியப் பாடநூல்களையும் வண்ணப் பெட்டிகளையும் அவர் விடவில்லை. அட்டை வணிகரை விட, குழந்தைகள் கையில் தூரிகை கொடுத்த பிராங்கையே நான் மிகுதியாகப் போற்றுவேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1854ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் இந்தியாவிலும் தூரம் பாராத அரையணாத் தபால் நடைமுறைக்கு வந்தது. 1879ஆம் ஆண்டு ஜூலையில் காலணாத் தபால் கார்டு வெளியாயிற்று. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பார்த்தால் தெற்கே நிமிர்ந்து நிற்கும் சேர்வராயன் மலைமேல், 1820களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அங்கே தோட்டம் வைத்து வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்களுக்கு டிசம்பர் மாதத்தில் கடல் தபாலில் பனி படர்ந்த ஊர்களின் படங்கள் வந்து சேர்ந்திருக்கும். மலைக்கு இந்தப் பக்கம் கம்பங்கதிர் கொய்துகொண்டிருந்த நம் முன்னோர் அவற்றைக் கண்டிருக்க மாட்டார்கள்.

வெள்ளையர் தம் ஊருக்குத் திருப்பி அனுப்பியவற்றில் நம்மவர் கைவண்ணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் அப்பிரகத் தகடுகளில் சிறுசிறு படங்கள் தீட்டினர். குயவர், நெசவாளர், பாம்பாட்டி, பல்லக்குத் தூக்குவோர் என்று நம் தெருக்களின் மக்களே அப்படங்களில் நின்றனர். கண்ணாடிபோல் மெல்லிய தகடு, எடையும் குறைவு, கப்பலில் அனுப்ப எளிது. அதே கைத்திறத்துக்கு உறவான மற்றொன்று அரச இலை ஓவியம். இலையின் சதையை நீக்கி நரம்பு வலையை மட்டும் காயவைத்து, அதன்மேல் வண்ணம் தீட்டி, அட்டையில் பதிப்பது. இருபதாம் நூற்றாண்டில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இத்தகைய இலை அட்டைகள் தென்னாட்டில் பெருவாரியாக விற்றன. மேனாட்டு வழக்கம் ஒன்று நம் ஊர் மரத்தடியில் வந்து தங்கியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் அட்டையைப் பார்த்துத் தமிழர் தமக்கென ஆக்கிக்கொண்டது பொங்கல் வாழ்த்து. சமய வேறுபாடின்றித் தமிழர் யாவரும் கொண்டாடும் விழா பொங்கல் என்னும் உணர்வு இருபதாம் நூற்றாண்டில் ஓங்கியபோது, அந்த அட்டையும் ஓங்கியது. கரும்பும் பானையும் ஏறு தழுவுதலும் அதில் இடம்பெற்றன. பின்னர்த் தலைவர்களும் திரைப்பட நடிகர்களும் இடம்பெற்றனர். தீப்பெட்டி, பட்டாசுச் சிட்டைகளை அச்சிட்டுத் தேர்ந்த சிவகாசி இதற்குப் பெரும் பணிமனையாயிற்று. மார்கழி பிறந்ததும் எங்கள் பகுதிக் கடைவீதிகளில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். உறையை ஒட்டாமல் அனுப்பினால் கட்டணம் குறைவு என்பதை அறியாத சிறுவனே அக்காலத்தில் இல்லை. சிவகாசி அட்டையை நான் இகழ மாட்டேன். எழுதப் படிக்க அறியாத தாயும், மகன் அனுப்பிய அட்டையைச் சுவரில் ஒட்டி வைத்து ஆண்டு முழுவதும் பார்த்திருந்தாள். 1990களின் இறுதி தொடங்கித் தொலைபேசியும், அதன்பின் கைப்பேசியும் அந்தக் கடைக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டன.

கோல் தேடியது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. அந்த வழியில் கைப்பேசி அட்டையை வென்றுவிட்டது. ஒரு தொடுகையில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்பலாம். ஆகவே நேரத்தைச் செலவிட்டுச் செய்யும் அட்டைக்கு மட்டுமே இனி இடம் இருக்கிறது. அதனால்தான் கையால் செய்யும் அட்டை உலகெங்கும் புத்துயிர் பெற்றிருக்கிறது என்று கருதுகிறேன். ஆனால் கடையில் ஆயத்தமாக விற்கும் ஒட்டுப்படங்களையும் நாடாக்களையும் வாங்கி, அவற்றை ஓர் அட்டையில் ஒட்டிவிட்டுக் கைவினை என்று பெயர் சூட்டுவது எனக்கு உடன்பாடன்று. அது கடைக்காரரின் கைவினை.

தாளிலிருந்தே தொடங்கலாம். தமிழ் எழுத்தில் முதல் நூல் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. தம்பிரான் வணக்கம் என்பது அதன் பெயர். அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1713ஆம் ஆண்டு தமிழில் அச்சிடத் தொடங்கியதும் தாளுக்குத் தட்டுப்பாடு கண்டார். ஐரோப்பாவிலிருந்து கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். எனவே 1715ஆம் ஆண்டில் அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகித ஆலை தொடங்கப்பெற்றது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் பனையோலையில் எழுதிவந்த தமிழகத்தின் காகித வரலாற்றில் பொறையாற்றுக்கு ஓர் இடம் உண்டு.

கைத்தாளுக்கு நம் காலத்தில் பெருமை தேடித் தந்தவரும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவரே. 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா இலண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்றவர். மேனாட்டு உடையையும் வருவாயையும் துறந்து காந்தியடிகளிடம் சேர்ந்தார். 1934ஆம் ஆண்டு அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. வார்தாவில் அச்சங்கம் வளர்த்த தொழில்களுள் கைக்காகிதமும் ஒன்று. தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன ஆசிரமத்தில் கழித்த அவர், 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மறைந்தார். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பிரிவு 1959ஆம் ஆண்டில் தொடங்கியது. பூவிதழும் இலையும் பதித்த தாள்களால் அது பெயர் பெற்றது.

கைத்தாள் செய்ய மரம் வெட்ட வேண்டியதில்லை. பருத்திக் கந்தலும் பனியன் துணியின் வெட்டுக் கழிவும் போதும். துணியைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, கூழாகும்வரை அடித்து, தொட்டி நீரில் கலக்குவார்கள். கம்பி வலை கட்டிய சட்டத்தை அந்த நீரில் அமிழ்த்திக் கிடையாகத் தூக்கினால் நீர் வடிந்து, இழைகள் ஒரு படலமாக வலைமேல் தங்கும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்திப் பிழிந்து, உலர்த்த வேண்டும். வகுப்பறையில் பழைய நோட்டுத் தாளைக் கிழித்து ஊறவைத்து, கொசுவலைத் துண்டு கட்டிய மரச்சட்டத்தால் இதைச் செய்துவிடலாம். முதல் தாள் அப்பளம்போல் வரும். ஐந்தாவது தாளில் எழுதலாம்.

அடுத்து அச்சு. நம் மொழியில் இச்சொல்லுக்கு எத்தனை உறவு! அச்சு வெல்லம், அச்சு முறுக்கு, அச்சுக்கூடம், அச்சடித்த சீட்டித் துணி. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறி ஐரோப்பியச் சீமாட்டிகளை மயக்கிய சீட்டித் துணிகளில் எழுதுகோலால் தீட்டியவை உண்டு. செதுக்கிய மரக்கட்டையால் அச்சடித்தவையும் உண்டு. ரப்பர் முத்திரையோ மிகப் பிந்தியது. சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டது 1839ஆம் ஆண்டு. அதன் பின்னரே ரப்பர் முத்திரை பிறந்தது.

பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் மரக்கட்டை செதுக்க ஆள் தேட வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது. தோலை உரித்துக் குறுக்கே நறுக்கினால் வெண்மையான, வழுவழுப்பான முகம் கிடைக்கும். சிறு கத்தியால் வேண்டிய வடிவைச் செதுக்கி, கசியும் பாலைத் துணியால் ஒற்றி, சற்று நேரம் காற்றாட விட்டு, வண்ணம் தோய்த்த பஞ்சில் அழுத்திப் பதிக்க வேண்டும். எழுத்தைச் செதுக்கும்போதுதான் சோதனை. அச்சில் எழுத்து இடம் வலமாக மாறி இருந்தால்தான் தாளில் நேராக விழும். ‘ப’ என்னும் எழுத்து எப்படிப் பார்த்தாலும் ‘ப’ தான். அதனிடம் தொல்லை இல்லை. ‘ட’ திரும்பிக்கொள்ளும், ‘வா’ அடையாளமே தெரியாமல் போகும். ‘வாழ்த்து’ என்ற ஒரு சொல்லைத் திருப்பிச் செதுக்கிய பிள்ளைக்கு, ஈய எழுத்துக் கோத்த பழைய அச்சுக்கோப்பாளரின் கண் எத்தகையது என்பது பத்தே நிமிடத்தில் விளங்கிவிடும்.

செதுக்கவே வேண்டாத அச்சும் உண்டு. வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே நறுக்கிப் பதித்தால் பெரும்பாலும் ஐந்து முனை விண்மீன் விழும். பெத்லகேமுக்கு வழிகாட்டிய விண்மீனைச் சமையலறையிலேயே எடுத்துக்கொள்ளலாம். வாழை மட்டையின் வெட்டுமுகம் கண்ணறைகள் நிறைந்த பிறை. அது இரம்ஜான் வாழ்த்துக்கு உதவும். புளியங்கொத்து ஒன்றைத் தாளில் வைத்து, வண்ணம் தோய்த்த பழைய பற்குச்சியைச் சீப்பின்மேல் தேய்த்துத் தெளித்தால், இலையின் வடிவம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பனி நாட்டு ஊசியிலை மரத்துக்கும் நம் சாலையோரப் புளிய மரத்துக்கும் இத்தனை முகவொப்பு இருப்பதை அப்போதுதான் காண்போம். மஞ்சள் தூளில் மஞ்சள் நிறம். அதிலேயே சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் ஆலத்திச் சிவப்பு. வெயில் பட்டால் மஞ்சள் வெளிறும் என்பதால் அட்டையை நிழலில் வைக்க வேண்டும். பசைக்கும் மரவள்ளி மாவே போதும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சாதலால் பள்ளியில் வேண்டா.

தாளை மடிப்பதிலும் ஒரு தமிழ்நாட்டுச் செய்தி உண்டு. 1837ஆம் ஆண்டு செருமனியில் சிறுவர் பள்ளியைத் தொடங்கிய பிரோபெல், மடித்தல், பின்னுதல், வெட்டுதல் ஆகிய தாள் வேலைகளைக் கல்வியாகவே கொண்டார். அம்முறையின் வண்ணச் சதுரத் தாள்கள் சென்னைக்கும் வந்தன. அவற்றைக் கண்ட டி. சுந்தர ராவ் என்பவர், பிள்ளைகள் விளையாட்டாக மடிக்கும் தாளில் யூக்ளிடின் வடிவியலையே கற்பிக்கலாம் என்று எண்ணி, 1893ஆம் ஆண்டு சென்னையில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். செருமானியக் கணித மேதை பீலிக்ஸ் கிளைன் அதனை எடுத்துக்காட்டினார். அவர் வாயிலாக அறிந்த அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 1901ஆம் ஆண்டில் சிகாகோ பதிப்பு கொண்டுவந்தனர். ஆசிரியப் பயிற்சியின்போது இந்நூலின் பெயரை நான் கேட்டதில்லை. கணித ஆசிரியர்களுக்கு அதைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கலாம்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஒரே அகலமுள்ள நீண்ட தாள் நாடாவை எடுத்து, கயிற்றில் போடுவதுபோல் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, கசங்காமல் மெல்ல இறுக்கித் தட்டையாக அழுத்துங்கள். ஒழுங்கான ஐங்கோணம் கிடைக்கும். ஒரு முனையை அதன்மேல் மடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உள்ளே ஐந்து முனை விண்மீன் தெரியும். பொம்மிடியை அடுத்த பள்ளிப்பட்டி போன்ற ஊர்களில், கத்தோலிக்கக் குடும்பத்தார் டிசம்பர் மாதத்தில் மூங்கில் சிம்பும் வண்ணத் தாளும் கொண்டு கட்டி வாசலில் தொங்கவிடும் விண்மீன் விளக்கும் இதே வடிவந்தான்.

நான் பணியாற்றிய பள்ளியில், 1990களில், அரையாண்டுத் தேர்வு முடிந்த இரு நாட்கள் இந்த வேலைக்கு ஒதுக்கப்பெற்றன. கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலரே. ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் செய்தனர். தேர்வுக்கு உதவாத வேலை என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. மழை பொய்க்கும் ஆண்டுகளில் எங்கள் பகுதி மக்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போவது வழக்கம். பிள்ளைகள் பாட்டி வீட்டில் தங்கிப் படிப்பார்கள். “அட்டையை யாருக்கு அனுப்புகிறாய்?” என்று கேட்டால், பாதிப் பிள்ளைகள் “அம்மாவுக்கு” என்றனர். முகவரி கேட்டால் “திருப்பூர்” என்றனர். அதற்குமேல் அவர்களுக்குத் தெரியவில்லை. எந்தத் தெரு, எந்த வீடு, யார் வீட்டில் வாடகை என்று ஊரிலுள்ள உறவினரைக் கேட்டு முகவரியை முழுமையாக அறிந்து வருவதே அவர்களுக்கு முதல் வேலையாயிற்று. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண்ணையும் அப்போதுதான் கற்றனர். தமிழ்நாட்டு எண்கள் யாவும் 6 என்னும் இலக்கத்தில் தொடங்குவதைக் கண்டு, தாய் நெடுந்தொலைவில் இல்லை என்று ஒரு சிறுமி தேறினாள்.

ஏழாம் வகுப்பில் படித்த அச்சிறுமி வெண்டைக்காய் விண்மீன்களை அட்டை நிறையப் பதித்து, உள்ளே “அம்மா, பரீட்சை முடிந்தது” என்று மட்டும் எழுதினாள். வாழ்த்து என்ற சொல்லே அதில் இல்லை. நானும் சேர்க்கச் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊர் வந்த தாய் பள்ளிக்கு வந்தார். அட்டை அவருடைய கைப்பையில் இருந்தது. “சார், எங்க ரூமுல இருக்கிற பொம்பளைங்க எல்லாரும் இது வெண்டக்காயா பாவக்காயான்னு ரெண்டு நாளா சண்டை. எம் பொண்ணத்தான் கேக்கணும்னு வந்தேன்” என்றார். பனியன் துணி வெட்டி வெட்டிக் காய்த்திருந்த அவர் விரல் அட்டையின் விண்மீன்களைத் தடவியபடியே இருந்தது.

உலக அளவில் பெயர் பெற்ற ஓர் அட்டையும் ஒரு சிறுமியின் கையிலிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946ஆம் ஆண்டில் தோன்றிய யூனிசெஃப் நிறுவனம், செக்கோஸ்லோவாகியாவின் ருடால்போ என்னும் சிற்றூர்க் குழந்தைகளுக்கும் உதவிப் பொருள்களை அனுப்பியது. அதற்கு நன்றியாக ஜிட்கா சாம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி ஒரு படம் வரைந்தாள். ஊரில் தாள் இல்லை; ஆகவே கண்ணாடிச் சில்லில் வரைந்தாள். நடப்பட்ட கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடுகின்ற காட்சி. அவளுடைய ஆசிரியர் அதை யூனிசெஃப் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். 1949ஆம் ஆண்டில் யூனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டை அந்தப் படத்தைத் தாங்கி வெளிவந்தது. அட்டை விற்பனை பின்னர் அந்நிறுவனத்தின் குழந்தைநலப் பணிக்குப் பெரும் பொருள் ஈட்டித் தந்தது.

அரச இலை அட்டை செய்யும் முறையைச் சொல்லாமல் விட்டேன். முற்றிய, பூச்சி அரிக்காத இலையாகப் பார்த்துப் பறித்து, ஒரு மண்சட்டி நீரில் அமிழ்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாற்றத்துக்கு அஞ்சி வீட்டார் சட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். மூன்று, நான்கு வாரங்களில் பச்சைச் சதை அழுகி இளகும். மென்மையான தூரிகையால் காம்பிலிருந்து நுனி நோக்கி வருடினால் சதை நீங்கி நரம்பு வலை மட்டும் எஞ்சும். அதை இரு தாள்களுக்கிடையே வைத்துப் புத்தகத்தின் கீழ் அழுத்திக் காயவிடுங்கள். டிசம்பர் 25க்கு அட்டை போய்ச்சேர வேண்டுமானால், ஐப்பசி முடிவதற்குள் இலை சட்டிக்குள் இருக்க வேண்டும்.